விழுந்த ஆதாமை ஒட்ட 12 வருஷமா?

2 பிப்ரவரி 2024, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் (சுருக்கமாக மெட்) ஒரு பளிங்குச் சிலை கீழே விழுந்து உடைந்ததாம். அதை ஒட்டி நிறுத்த 12 வருஷம் ஆனதாம். மைக்கேலாஞ்சலோ டேவிட் சிலையை முழுசாகச் செதுக்கவே 1501-லிருந்து 1504 வரைதான் ஆச்சு. செதுக்க மூணு, ஒட்ட பன்னிரண்டா? யாரோ நன்றாக உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது, அதனால் இப்போதைக்கு விவரம் மட்டும்.

சிலை ஆதாம். செதுக்கியவர் துல்லியோ லொம்பார்தோ, வெனிஸ்காரர். காலம் 1490-95 வாக்கில். ஆறடிக்கு மேல் மூன்று அங்குலம், சுமார் 350 கிலோ, இத்தாலியின் கராரா சுரங்கத்துப் பளிங்கு. ஒரு கையில் ஆப்பிள், பக்கத்தில் ஒரு மரத்தண்டு, தண்டில் பாம்பும் திராட்சைக் கொடியும். அந்திரேயா வென்ட்ரமின் என்று வெனிஸின் ஆட்சித் தலைவர் ஒருவர், 1478-ல் இறந்தார். அவருக்குக் கட்டிய பெரிய கல்லறையில் நின்றவன் இந்த ஆதாம். கல்லறை இருந்த தேவாலயம் போய், கல்லறை வேறு தேவாலயத்துக்குப் போய், ஆதாம் தனியாகக் கைமாறிக் கைமாறி 1936-ல் மெட்டுக்கு வந்து சேர்ந்தான்.

2002 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. அருங்காட்சியகம் மூடிய பிறகு பீடத்தின் ஒரு பக்கம் மடங்கி, சிலை அப்படியே தரையில் சாய்ந்தது. அடையாளம் சொல்லக்கூடிய பெரிய துண்டுகள் 28. சில்லுகள் நூற்றுக்கணக்கில். மறுபடி பொதுமக்கள் பார்வைக்கு நின்றது 2014 நவம்பர் 11.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், விழுவதற்கு முன்பே 2001-ல் நேரில் பார்த்தவன். சாட்சி சொல்லும் தகுதி உண்டு. நாளை வருகிறேன்.

3 பிப்ரவரி

"350 கிலோ சிலை நிற்கும் பீடம் எப்படி மடங்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பளு கணக்குப் போடுகிற பொறியாளன் நான், இது என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளும்.

பீடம் கல் இல்லை. பிளைவுட். அருங்காட்சியகங்களில் நாம் வழவழப்பாகப் பார்க்கிற பீடங்கள் பாதி பிளைவுட் பெட்டிகள்தான். வெளியே பூச்சு, உள்ளே காற்று. அதில் தப்பொன்றும் இல்லை, ஒழுங்காகச் செய்தால் தாங்கும். ஆனால் பலகை நசுங்கித் தோற்பதில்லை, மடங்கித் தோற்கும். பிளாஸ்டிக் அடிக்கோலை மேசையில் நிறுத்தி மேலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த ஒன்றும் ஆகாது, ஆகாது, திடீரென்று வயிறு தள்ளி வளையும். வளைய ஆரம்பித்த பிறகு அதே எடையைத் தாங்க அதற்குத் தெம்பு கிடையாது. முன்னறிவிப்பு ரொம்பக் குறைவு. நேற்று வரை நின்றதே என்பது சமாதானம் ஆகாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தற்காலிகத் தாங்குதட்டுக்குக் கணக்குப் போட்டேன். பலகையின் தடிமனைப் பார்த்தேன், நடுவில் கட்டை கொடுக்காமல் விட்ட உயரத்தைப் பார்க்கவில்லை. பெரியவர் ஒருவர் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கோடு இல்லாவிட்டால் நானும் எதையாவது விழவைத்திருப்பேன்.

ஆக, ஆதாமைத் தள்ளியது பாம்பு இல்லை, பலகை.

3 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

"ஆதாமின் வீழ்ச்சி" ஜோக்கை இதுவரை நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். செய்தி வந்தபோதே பத்திரிகைக்காரர்கள் அதை முடித்துவிட்டார்கள். போதும்.

5 பிப்ரவரி

சரி, 12 வருஷம். மெட்காரர்களே முதலில் இரண்டு வருஷத்தில் முடியும் என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் ஏன் இழுத்தது?

விழுந்த இடத்தைக் கொலை நடந்த இடம் மாதிரி நடத்தினார்கள். தரையில் எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்று படம் எடுத்து, குறித்து, பிறகுதான் எடுத்தார்கள். பெருக்கி அள்ளவில்லை. அடுத்து, பெரிய துண்டு ஒவ்வொன்றையும் லேசரால் வருடிக் கணினிக்குள் ஒரு ஆதாமைச் சேர்த்தார்கள். அந்தக் கணினி ஆதாமை நிற்கவைத்து எந்த மூட்டில் எவ்வளவு பளு விழுகிறது என்று பைனைட் எலிமெண்ட் கணக்கு (உருவத்தைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்துப் போடுவது) போட்டார்கள். நான் பாலத்துக்குப் போடுகிற அதே கணக்கு. ஒரு மனிதனின் கணுக்காலுக்கு அதைப் போட்டிருக்கிறார்கள் என்று முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. 350 கிலோவும் கடைசியில் வந்து இறங்குவது இரண்டு கணுக்காலிலும் அந்த மரத்தண்டின் அடியிலும்தானே.

இதெல்லாம் ஒரு சொட்டு பிசின் தொடுவதற்கு முன்னால். கேரலின் ரிக்கார்டெல்லி, மைக்கேல் மோரிஸ், ஜாக் சுல்தானியன், லாரன்ஸ் பெக்கர் என்று சீரமைப்பாளர்கள், கூடவே பொறியாளர்கள், பொருள் அறிவியல்காரர்கள். எந்தப் பசை, எத்தனை முளை (இரண்டு துண்டையும் உள்ளே கோக்கிற கம்பி), முளை எந்தப் பொருளில் என்று பளிங்குத் துண்டுகளை உடைத்து ஒட்டி, ஒட்டி உடைத்துச் சோதித்தார்கள்.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களுக்கு என் ஜாடிக் கதை. அம்மா ஊரிலிருந்து வரும்போது துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்த பீங்கான் ஜாடி, மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஆவக்காய் ஜாடி. பாத்திரம் கழுவும் தொட்டியில் நான்தான் போட்டேன். ஒன்பது துண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. அன்று ராத்திரியே சூப்பர் க்ளூ வாங்கிவந்து ஒட்ட உட்கார்ந்தேன். முதல் துண்டு கச்சிதம். இரண்டாவது கச்சிதம். ஐந்தாவது கொஞ்சம் முனகியது. ஒன்பதாவது துண்டுக்கு இடமே இல்லை! ஓட்டை இருக்கிறது, துண்டு இருக்கிறது, துண்டு ஓட்டையைவிட ஒரு நகக்கண் அளவு பெரிது. ஒவ்வொரு ஒட்டிலும் பசைக்கு ஒரு தடிமன் உண்டு, கூடவே ஒரு மயிரிழைக் கோணல். எட்டு ஒட்டின் கோணலும் வட்டியோடு சேர்ந்து ஒன்பதாவதன் தலையில் விழுந்தது. ஜாடி இன்றும் ஒரு முக்கோண ஓட்டையோடு அடுப்படியில் நிற்கிறது. கரண்டி போட்டு வைத்திருக்கிறோம்.

ஒன்பது துண்டுக்கு என் கதி இது. 28 பெரிய துண்டு, அதுவும் கை, கால், தலை என்று எல்லாத் திசையிலும். முதல் ஒட்டில் மயிரிழை விலகினால் ஆதாமின் தலை எங்கே பார்க்கும்?

5 பிப்ரவரி, பின்குறிப்பு

விட்டுப்போனது: துண்டுகளை ஃபோம் கட்டியில் அதே அளவுக்குக் கடைந்து, பொய் ஆதாம் ஒருவனை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். எதை முதலில் ஒட்டுவது, எதைத் தாங்கிப் பிடிப்பது, சுற்றிலும் தாங்கும் சட்டத்தை எங்கே கட்டுவது, எல்லாம் அவன்மேல். நான் ஜாடிக்கு ஒத்திகை பார்க்கவில்லை.

6 பிப்ரவரி

அவமானகரமான திருத்தம்.

2001-ல் பார்த்தேன் என்று மார்தட்டினேன் அல்லவா? ஆதாரம் போடலாம் என்று பரணிலிருந்து பழைய ஆல்பத்தை எடுத்தேன். படம் இருக்கிறது. வெலெஸ் பிளாங்கோ முற்றம், மெட் உள்ளேயே ஒரு ஸ்பானியக் கோட்டையின் முற்றத்தை அப்படியே நிறுத்தியிருப்பார்களே, ஆதாம் விழுந்தது அங்கேதான், அதில் நான் தொளதொள கோட்டில் நிற்கிறேன். பக்கத்தில் ஒரு சிலை. இருபத்திரண்டு வருஷமாக நான் ஆதாம் என்று எல்லோரிடமும் சொல்லிவந்த அந்தச் சிலை ஒரு பெண்.

ஆதாம் அந்த முற்றத்தில் எங்கோ நின்றிருப்பான். நான் பார்த்தேனா தெரியாது. மனைவி ஆல்பத்தை மூடிவிட்டு "சாட்சி விசாரணை முடிஞ்சதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

9 பிப்ரவரி

பசை பற்றிக் கேட்ட நண்பருக்கு. "நல்ல எபாக்ஸி போட்டால் கல்லைவிட உறுதி. ஒரே நாளில் முடியும். பாலமே அதில்தான் ஒட்டுகிறோம்."

கல்லைவிட உறுதியாக இருப்பதுதான் அதன் குற்றம். நாளைக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்து மறுபடி விழுகிறான் என்று வையுங்கள். ஒட்டு விடாது, பக்கத்தில் இருக்கிற 500 வருஷப் பளிங்கு புதிதாக உடையும். பசை எப்போதும் கல்லைவிட ஒரு படி இளைத்ததாக இருக்க வேண்டும். தோற்பது அதன் வேலை.

அவர்கள் போட்டது பாராலாய்டு பி-72 என்கிற அக்ரிலிக் பிசினும் அதன் பங்காளி பி-48என்-னும், மூன்றுக்கு ஒன்று. பி-72 அருங்காட்சியகங்களில் எல்லா மேசையிலும் கிடக்கிற சாமான். அசிட்டோன் பட்டால் கரையும், அதாவது நாளைக்கு வருபவன் பிரிக்கலாம். எபாக்ஸி அப்படிப் பிரியாது, காலப்போக்கில் மஞ்சளும் பூக்கும். ஆனால் பி-72 வெறுமனே போட்டால் 40 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும் (சென்னை மே மாதத்தில் ஆதாம் உட்கார்ந்துவிடுவான்), பளுவில் மெல்ல மெல்ல நகரவும் செய்யும். அதனால்தான் கொஞ்சம் விறைப்பான பங்காளியைச் சேர்த்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. கரைப்பானில் கரைத்த பிசின் காய வேண்டுமென்றால் கரைப்பான் வெளியேற வேண்டும். இரண்டு பளிங்கு முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கரைப்பான் எந்த வழியாக வெளியேறும்? நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் காயும். அதுவரை துண்டு அசையக் கூடாது. அதனால்தான் சிலையைச் சுற்றி ஒரு சட்டம், வார்ப்பட்டைகள். எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப்போட்ட மாதிரி வெளியிலிருந்து பிடிமானம், மேல் துண்டின் எடையே கீழ் ஒட்டை அழுத்திக்கொண்டிருக்கும்.

முளை: பழைய முறையில் துண்டுக்குத் துண்டு துளைபோட்டு இரும்புக் கம்பி செருகுவார்கள். இரும்பு துருப்பிடித்து ஊதினால் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். துளை போடுவது என்றாலே சிலையைத் தின்பதுதான். இவர்கள் மொத்தம் மூன்றே முளை வைத்தார்கள். இரண்டு கணுக்காலிலும் ஒவ்வொன்று, இடது முழங்காலில் ஒன்று. அதுவும் ஃபைபர் கிளாஸ். காரணம் பசைக்குச் சொன்னதேதான், பளிங்கை உடைக்கும் அளவுக்கு விறைப்பு கூடாது.

28 துண்டுக்கு மூன்று முளை. அதை நிரூபிக்கத்தான் வருஷங்கள் போயின. நிறையத் துளை போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

10 பிப்ரவரி

"நம்ம ஊரில் பின்னமான சிலையைக் கும்பிட மாட்டோம், ஆற்றில் விட்டுவிடுவோம். இவர்கள் ஏன் கட்டி அழுகிறார்கள்?"

ஐயா, இவனை யாரும் கும்பிடவில்லை. முப்பது டாலர் கொடுத்துப் பார்க்கிறார்கள். கணக்கு வேறு.

14 பிப்ரவரி

பியத்தாவை இழுத்திருக்கிறார் கேள்வி கேட்டவர். நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1972 மே 21, ரோமில் புனித பேதுரு பேராலயம். ஒருவர் தடுப்பைத் தாண்டிக் குதித்து, கல் உடைக்கும் சுத்தியலால் மைக்கேலாஞ்சலோவின் பியத்தாவை, இறந்த கிறிஸ்துவை மாதா மடியில் ஏந்தியிருக்கும் சிலையை, பதினைந்து முறை அடித்தார். மாதாவின் இடது கை முழங்கையோடு போனது, மூக்கு போனது, ஒரு கண்ணிமை சிதறியது. சில துண்டுகளை வேடிக்கை பார்த்தவர்கள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பத்தே மாதத்தில் முடித்தார்கள். அதுவும் இணைப்பே தெரியாமல். "பத்து மாதம் எங்கே, 12 வருஷம் எங்கே?"

என் பதில்: பியத்தா விழவில்லை. நின்றது நின்றபடி இருந்தது. போனதெல்லாம் தொங்கிக்கொண்டிருந்த உறுப்புகள். அந்தக் கை மாதாவைத் தாங்கவில்லை, தன்னைத் தாங்கினால் போதும். ஆதாமுக்கு உடைந்தது அவனையே தாங்குகிற கால்கள். தவிர பியத்தாவுக்கு முன்பே எடுத்த அச்சுவார்ப்பு ஒன்று கையில் இருந்தது. மூக்கு எப்படி இருந்தது என்று சண்டை போட வேண்டியதில்லை.

அங்கே இன்னொரு சண்டை நடந்தது, அதுதான் எனக்குப் பிடித்தது. காயத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், இந்த நூற்றாண்டின் தழும்பு அது என்று ஒரு கட்சி. ஒட்டலாம், ஆனால் ஒட்டியது தெரிய வேண்டும் என்று ஒரு கட்சி. தெரியவே கூடாது என்று ஒரு கட்சி. மூன்றாவது ஜெயித்தது. அந்த முகத்தில் ஒரு கீறல் இருந்தால்கூட வருகிறவர்கள் கீறலைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது வாதம். சரியான வாதம் என்றுதான் நினைக்கிறேன். முழுசாக அல்ல. இதை எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மெட் அன்றைக்கு இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்.

17 பிப்ரவரி

போனேன். முப்பது டாலர். நியூயார்க் மாநிலத்தில் குடியிருந்தால் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடியிருந்தால் முழுத் தொகை.

ஆதாமுக்கு இப்போது தனி அறை. முற்றத்துக்குள் நெரிசலில் இல்லை. நான் எதிர்பார்த்ததைவிட இளையவன். வீரன் உடம்பு இல்லை, பயிற்சிக்கூடமே போகாத பையன் உடம்பு, பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்துப் பார்த்துச் செய்த மழமழப்பு. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஆப்பிளை அவன் பிடித்திருக்கும் விதம்தான் என்னை நிறுத்தியது. இறுக்கிப் பிடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. முட்டையைப் பிடிக்கிற மாதிரி விரல் நுனியில். பீடத்தில் துல்லியோவின் பெயர் லத்தீனில் வெட்டியிருக்கிறது. டேவிட்டுக்குப் பத்து வருஷம் முந்தியவன், பழங்காலத்துக்குப் பிறகு ஆளுயரத்தில் வந்த முதல் நிர்வாணப் பளிங்குச் சிலைகளில் ஒருவன்.

பிறகு முழங்காலுக்கு வந்தேன். இருபது நிமிஷம் அந்த முழங்காலையே பார்த்தேன். குனிந்து, பக்கவாட்டில், வெளிச்சத்துக்கு எதிராக. காவலர் இரண்டு முறை என் பின்னால் வந்து தொண்டையைச் செருமினார். இணைப்பு இல்லை. ஒரு கோடு இல்லை, நிற வேறுபாடு இல்லை. முளை போட்ட இடம் எதுவென்று பிரம்மாவுக்கே தெரியாது.

திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷம் இல்லை, கோபம். இவ்வளவு சுத்தமாகச் செய்தால் அது பொய் இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவே இல்லை என்று சிலை சொல்கிறது. 14-ம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், ஒரு மயிரிழையாவது தெரிய விட்டிருக்க வேண்டும். என் ஜாடியே மேல், அது எதையும் மறைக்கவில்லை.

18 பிப்ரவரி

நேற்றைய கோபத்துக்கு நிறைய எதிர்ப்பு. "2014-ல் திறந்தபோது சீரமைப்பைப் பற்றியே தனிக் கண்காட்சி வைத்தார்கள், படம்பிடித்துக் காட்டினார்கள், எழுதினார்கள். மறைத்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" உண்மைதான். "சுவரில் என்ன எழுதியிருந்தது?" என்றும் ஒருவர் கேட்கிறார். படிக்கவில்லை. படிக்கும் கண்ணாடியைக் காரில் வைத்துவிட்டேன்.

பேச்சை மாற்றுகிறேன். மறைக்காத சீரமைப்பு பார்க்க வேண்டுமென்றால் ஃபிளாரன்ஸில் பேராலய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மைக்கேலாஞ்சலோ வயதான காலத்தில் தன் சமாதிக்கென்று செதுக்க ஆரம்பித்த இன்னொரு பியத்தா, பந்தீனி பியத்தா என்பார்கள். அதை அவரே உடைத்தார் என்று கதை. அவர் உதவியாளர் திபேரியோ கல்காஞ்ஞி துண்டுகளை ஒட்டி, ஓர் உருவத்தை முடிக்கவும் பார்த்தார். கிறிஸ்துவின் இடது கால் இல்லை, இன்றைக்கும் இல்லை, யாரும் வைத்துத் தைக்கவில்லை. 2021-ல் முடிந்த சுத்திகரிப்பில் இரண்டு விஷயம் தெரிந்தது. அந்தப் பளிங்கு எல்லோரும் நினைத்த மாதிரி கராரா இல்லை, செரவெஸ்ஸா சுரங்கத்துக் கல். உள்ளே அழுக்கும் மயிரிழை வெடிப்பும் நிறைந்த கெட்ட கல். அப்புறம், சுத்தியலால் ஓங்கி அடித்ததற்கான தடமே கண்ணில் படவில்லை. கல்காஞ்ஞி துடைத்துவிட்டிருக்கலாம். அல்லது கிழவர் ஆத்திரப்பட்டு உடைக்கவே இல்லை, கல் காலை வாரியதால் கைவிட்டிருக்கலாம்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. கான்ட்ராக்டர்கள் எப்போதும் மேஸ்திரியைத்தான் சொல்வார்கள், ஜல்லியைச் சொல்ல மாட்டார்கள்.

18 பிப்ரவரி, இரவு

டேவிட்டுக்கும் கை உடைந்திருக்கிறது என்று நினைவூட்டியவருக்கு நன்றி. 1527-ல் ஃபிளாரன்ஸில் நடந்த கலவரத்தில் மேலிருந்து எறிந்த பெஞ்சு இடது கையில் விழுந்தது. துண்டுகளைப் பொறுக்கி வைத்தவர்களில் ஒருவன் வசாரி, பின்னாளில் கலைஞர்களின் வரலாற்றை எழுதியவர், அப்போது பையன். ஒட்டியது 1543-ல். பதினாறு வருஷம்! கேள்வி கேட்டவர் மைக்கேலாஞ்சலோவையே சாட்சிக்கு அழைத்தார், அவருடைய சிலைக்கே ஆதாமைவிட நாலு வருஷம் கூட. (அந்தப் பதினாறில் யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

20 பிப்ரவரி

இதை எழுதவே கை வரவில்லை.

"சார், நீங்கள் பார்த்தது எந்த முழங்கால்?" என்று ஒரு வாசகர் கேட்டார். என் முன்னால் நிற்கும்போது இடது பக்கம் இருந்த முழங்கால், வேறு எது, என்று பதில் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகு உறைத்தது.

சிலை என்னைப் பார்த்து நிற்கிறது. அதன் இடது, என் வலது.

இருபது நிமிஷம் நான் ஆராய்ந்தது ஆதாமின் வலது முழங்கால். முளை இல்லாத முழங்காலில் முளை தெரியவில்லை என்று ஒரு தத்துவம் கட்டி, அருங்காட்சியகத்தைப் பொய்யர்கள் என்று வேறு திட்டியிருக்கிறேன். அதுவும் கண்ணாடி இல்லாமல். முப்பது வருஷமாக வரைபடத்தில் வடக்கு எது தெற்கு எது என்று ஜூனியர்களை அதட்டுகிறவன்.

17-ம் தேதிக் குறிப்பை அழிக்கப்போவதில்லை. இருக்கட்டும், தெரியட்டும்.

21 பிப்ரவரி

"ஏவாள் எங்கே?" கல்லறையில் ஆதாமுக்கு ஜோடி இருந்திருக்க வேண்டும். இப்போது வெனிஸில் அந்த இடங்களில் நிற்பது வேறு ஒரு சிற்பியின் பெண் புனிதர்கள். அதே கல்லறையின் இரண்டு பணியாள் பையன்கள் பெர்லினில் இருக்கிறார்கள். ஒரே குடும்பம், ஆளுக்கொரு நாடு. நம் வீட்டு வாட்ஸ்அப் குழு மாதிரி.

2 மார்ச்

நேற்று வெள்ளி, மறுபடி போனேன். இந்த முறை மகளோடு, கண்ணாடியோடு. அவள் நியூஜெர்சியில் கல்லூரியில் படிக்கிறாள், மாணவர்களுக்கு அங்கே விருப்பத் தொகை. ஒரு டாலர் கொடுத்தாள். நான் முப்பது. சீட்டு கொடுத்த பெண் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"அவனோட லெஃப்ட்டுப்பா," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

இடது முழங்கால். மூன்றடி தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை. காவலர் முகம் சுளிக்கிற தூரம் வரை போனால், முழங்கால் பக்கமாக மயிரைவிட மெல்லிய ஒன்று ஓடுகிறது. வெள்ளையில் இன்னொரு வெள்ளை. நகத்தால் தடவினால் தட்டுப்படாது என்று நினைக்கிறேன், தடவ விடமாட்டார்கள். நான் "இதுதான்" என்றேன். அவள் "அது கல்லோட நரம்பு" என்றாள். குனிந்தோம், நிமிர்ந்தோம், இந்தப் பக்கம் போனோம், அந்தப் பக்கம் போனோம். கணுக்காலில் அந்த மாதிரி இன்னொன்றை அவள் கண்டுபிடித்தாள், அதை நான் நரம்பு என்றேன். தீரவில்லை.

அதற்குள் ஒரு வயதான தம்பதி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர் ஆப்பிளைப் பார்த்தார், அந்த அம்மா முகத்தைப் பார்த்தார், இரண்டு நிமிஷத்தில் போய்விட்டார்கள். முழங்காலை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் சிலையை விட்டுவிட்டுப் பழுதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

17-ம் தேதிக் கோபம் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை, முற்றத்தில் விழுந்த இடத்தில் தரையில் சின்னதாக ஒரு அடையாளமாவது வைத்திருக்கலாம் என்று இன்னமும் தோன்றுகிறது. தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை, கண்ணாடி போட்டும்.

3 மார்ச்

கேள்வி கேட்டவர் "சரி, பன்னிரண்டு வருஷம் தேவைதான், ஆனால் பலகைக்கு ஒரு குறுக்குக்கட்டை கொடுத்திருந்தால் இதெல்லாம் வேண்டியதில்லையே" என்கிறார். இதில் நான் எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை.

9 மார்ச்

ஜாடியைப் பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டதால்: வாளியில் அசிட்டோன் ஊற்றி, மூடி போட்டு, கராஜில் கதவைத் திறந்து வைத்து ஊறப்போட்டிருக்கிறேன். சூப்பர் க்ளூ சீக்கிரம் விடுவதாக இல்லை. ஆறு நாளில் இரண்டு துண்டு கழன்றிருக்கிறது. முக்கோணத் துண்டு மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. பி-72 குழாய் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருமாம். மகள் துண்டுகளின் பின்பக்கம் பென்சிலால் எண் போட ஆரம்பித்திருக்கிறாள்.